விர்ஜிலின் பெரிய துப்பாக்கி

"அந்தப் பொம்மையால சுட்டா கயோட்டி சாகாது ஆர்லீன். சிரிச்சுட்டுப் போயிடும்" என்றபடி விர்ஜில் உருளைக்கிழங்கு மசியல் மேல் கிரேவியை ஊற்றினார். பாதி கிரேவி தட்டுக்கு வெளியே போனது.

"எங்கப்பா அதை வச்சுத்தான் நாற்பது வருஷம் கோழி வளர்த்தார்" என்றாள் அவர் மனைவி ஆர்லீன். "வீட்டுக்கிட்ட வர்றதுக்கு அது போதும். குறி தப்பாம இருந்தா சரி."

"உங்கப்பா காலத்துக் கயோட்டியெல்லாம் சாது."

நெப்ராஸ்காவின் அந்தப் பண்ணை வீட்டில் நாலு வருடமாக இந்த வழக்கு நடக்கிறது. மான் சுடும் பெரிய ரைஃபிள் ஒன்றை விர்ஜில் வாங்கி வந்த அன்று ஆரம்பித்தது. ஆர்லீனுக்கு அப்பா கொடுத்த சின்னத் துப்பாக்கி அன்றிலிருந்து பரணில் தூங்குவதாகக் கணக்கு. கயோட்டியோ நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. வெட்கம் கிடையாது. இந்த மாதம் மட்டும் பதினோரு கோழியும் ஒரு வான்கோழியும் போயாயிற்று.

ஒமாஹா பட்டணத்திலிருந்து நாலு மணி நேரம் காரோட்டி வந்திருந்த மகள் ரோண்டா, சிந்திய கிரேவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம்தான் அப்பாவின் கார் லைசென்ஸைப் பறித்திருந்தார்கள். கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். பேப்பர்தான் தெரியவில்லை, கயோட்டி நன்றாகத் தெரிகிறது என்று இவர் சாதிக்கிறார்.

ரோண்டா கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். பண்ணையை விற்கிற பத்திரம். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் ஃப்ளாட் பார்த்தாயிற்று. லிஃப்ட் உண்டு. கோழி கூடாது.

விர்ஜில் கொஞ்ச நேரம் மென்றார். அப்புறம் ஒரு பந்தயம் சொன்னார். நாளைக் காலையில் அந்தக் கயோட்டியைத் தான் சுட்டுத் தள்ளினால், பட்டணப் பேச்சையே எடுக்கக் கூடாது. தவறினால் அங்கேயே கையெழுத்து. ரோண்டா உடனே சம்மதித்தாள். ஆர்லீன் சிந்திய கிரேவியைத் துடைத்தாள்.

மறுநாள் பொழுது விடியும்போது விர்ஜில் ரைஃபிளோடு பின்வாசலில் போய் உட்கார்ந்தார். ஆர்லீன் மக்காச்சோள வாளியை எடுத்துக்கொண்டு கோழிக் கொட்டகைக்குப் போனாள். கயோட்டி கண்ணில் பட்டால் அவள் வாளியைத் தட்டுவாள், இவர் மூன்று எண்ணிச் சுடுவார். அதுதான் ஏற்பாடு.

ரோண்டா சமையலறை ஜன்னலில் நின்றாள். அங்கிருந்து பின்வாசல் தெரியாது, வேலி தெரியும். சாம்பல் நிறத்தில் ஏதோ வேலிக்கு அடியில் நுழைந்தது. வாளிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. வீடே அதிர்ந்தது. கயோட்டி துள்ளி விழுந்து அப்படியே கிடந்தது.

விர்ஜிலைக் கையில் பிடிக்க முடியவில்லை. துப்பாக்கி என்றால் இதுதான் துப்பாக்கி என்று பக்கத்துப் பண்ணைக்குப் போன் போட்டுச் சொன்னார். ரோண்டாவுக்குத் தோற்றதில் கூட உள்ளூர ஒரு சந்தோஷம்தான். கயோட்டியை இழுத்துப் போடலாம் என்று அவளே வேலிக்குப் போனாள்.

காதுக்குப் பின்னால் ஒரு பட்டாணி அளவுக்கு ஓட்டை. அவ்வளவுதான். அவளும் பண்ணையில் பிறந்தவள். பெரிய ரைஃபிளின் குண்டு பட்டிருந்தால் பாதித் தலை இருக்காது.

நேரே கொட்டகைக்கு நடந்தாள். தீவன மூட்டைக்குப் பின்னால் அம்மா அந்தச் சின்னத் துப்பாக்கியைச் செருகிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நாலு வருஷமா நான்தான்" என்றாள். "அவர் எண்ணும்போது நானும் சேர்ந்து சுட்டுடுவேன். தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார் ரோண்டா. சொல்லிடாதே."

ரோண்டாவுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கண் தெரியாத மனிதர் கையில் மான் துப்பாக்கியா? இனி ஒரு நாள் கூட இவர்களை இங்கே விடக் கூடாது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கயோட்டியைப் பார்த்தியா?" என்றார் விர்ஜில்.

"பார்த்தேன்ப்பா."

"ஓட்டையையும் பார்த்திருப்பே."

ரோண்டா திரும்பி அவரைப் பார்த்தாள்.

விர்ஜில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோ அந்த எருக்குவியல், பத்தடிதான். அது மட்டும்தான் எனக்குத் தெரியுது. எப்பவும் அதுக்குள்ளதான் சுடுவேன். தோண்டிப் பாரு, நாலு வருஷத்து ஈயம் கிடைக்கும். உங்கம்மா ஒரு தடவை கூடக் குறி தப்பினதில்லை. அவளை வாய்விட்டுப் பாராட்ட முடியலையேங்கிறதுதான் என் வருத்தம். பந்தயத்துல நான் தோத்துட்டேன், கொடு, கையெழுத்துப் போடறேன். காரணத்தை மட்டும் அவகிட்டச் சொல்லிடாதே."

ரோண்டா பத்திரத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"அப்போ சின்னத் துப்பாக்கி போதாது, போதாதுன்னு தினமும் ஏம்ப்பா அம்மாகூடச் சண்டை போடறீங்க?"

"கயோட்டிக்கு அதுவே தாராளம்மா" என்றார் விர்ஜில். "ஆனா இந்தச் சத்தத்துல அது வெடிக்கிறது என் காதுல விழலைன்னு உங்கம்மா நம்பணும்ல, அதுக்குத்தான் பெரிசு."