வாயும் வாயுவும்

“எங்கம்மா வலி?”

டாக்டரம்மா அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

நோயாளி அவளில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர்.

டாக்டரம்மாவைக் குறை சொல்ல முடியாது. பார்வைக்குக் கணவருக்கு ஒன்றுமில்லை. சவரம் செய்யாத முகம், அவ்வளவுதான். அவளோ மேசையைப் பிடித்து, ஒரு பக்கமாக உட்கார்ந்து, வலது காலைக் கையால் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வலியைப் பார்ப்பதற்கென்றே படித்தவர் கண்ணில் அதுதானே முதலில் படும்.

பைல் இன்னும் மூடியே இருந்தது.

‘எனக்கில்ல டாக்டர், இவருக்கு.’

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவரால் சொல்ல முடியாது. கன்னத்து நரம்பில் கோளாறு. வாயைத் திறந்தால் போதும், தாடையிலிருந்து கண்வரை மின்சாரம் பாயும். பேசியே தரிசு நிலத்தைத் தோட்டமென்று விற்ற மனிதர், இப்போது ஒரு வாய் காப்பிக்கு அழுகிறார்.

முதல் நாள் அவர் சுவரில் சாய்ந்து அழுதபோது அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இனியாவது தெரியும் என்று நினைத்தாள். தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. செல்போனை எடுத்து ஏதோ தட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

‘உன்னுது மாதிரி இல்ல இது. நிஜ வலி.’

தம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

அவளுடையது இடுப்பில் தொடங்கும் வலி. சின்னவன் பிறந்ததிலிருந்து இருக்கிறது. இப்போது சின்னவனுக்கே கல்யாணமாகிவிட்டது.

அவளை டாக்டரிடம் காட்டாமலில்லை. நன்றாகவே காட்டினார். எந்த டாக்டர் என்ன கேட்டாலும் அவரே முந்திக்கொள்வார். அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒரே பல்லவி.

“ஒண்ணுமில்ல டாக்டர், வாயு. பொறுத்துக்குவா.”

ஸ்கேன் எடுக்கலாம் என்ற டாக்டரிடமும் அதேதான். நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றவரிடமும் அதேதான். அவர்களும் வாயு மாத்திரை எழுதித் தந்து அனுப்பினார்கள். பூண்டு, சுக்கு, ஓமம் எதுவும் பாக்கியில்லை. வீட்டில் பெருங்காயம் தீர்ந்ததே தவிர வலி தீரவில்லை.

டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

“சொல்லுங்கம்மா. எங்க?”

அவர் முழங்கையால் அவளை இடித்தார். சொல்லு, எனக்கென்று சொல்லு.

டாக்டரம்மா மதுரையிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். இவர்கள்தான் கடைசி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் நர்ஸ் உள்ளே விட்டாள். கன்னத்தில் ஊசி போட்டால் அவர் இன்றைக்கே இட்லி தின்னலாம். விட்டால் அடுத்த மாதம்.

அவளுக்கு எல்லாம் தெரியும்.

“இடுப்புல டாக்டர்,” என்றாள்.

தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

“மொதல்ல கடுக்கும். அப்புறம் உள்ளுக்குள்ள போட்டுக் குடையும். நிமிந்தா சுளீர்னு தொடை வழியா எறங்கும். கட்டைவிரல்ல போய் எரியும் பாருங்க, மொளகாய அரைச்சு அப்புனாப்புல…”

இத்தனை சொற்களும் எங்கே இருந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தன. டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை.

கணவர் மேசையைத் தட்டினார். தன் கன்னத்தைக் காட்டினார். கட்டைவிரலை ஆட்டி ஆட்டிச் செல்போனைக் கேட்டார்.

செல்போன் அவள் கைப்பையில் இருந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“பதறாதீங்க சார். அவங்க வலிய அவங்கதான சொல்லணும்.”

பொறுக்க முடியாமல் அவர் வாயைத் திறந்தார்.

ஒரு எழுத்துக்கூட வரவில்லை. அப்படியே குனிந்துவிட்டார். வலது கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கியது.

அவளுக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவரைக் கூர்ந்து பார்த்தார். பைலைத் திறந்தார்.

“இதுல பால்வண்ணன்னு போட்டிருக்கே?”

இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது.

“ட்ரெயினுக்கு நேரமாச்சும்மா. ஒருத்தரத்தான் பாக்க முடியும். யாருக்குப் பாக்கணும்?”

அவர் கைகூப்பினார். டாக்டரம்மாவைப் பார்த்து அல்ல. அவளைப் பார்த்து.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். அவர் தோளில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு தன் நாற்காலியை டாக்டரம்மாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர், வாயு. பொறுத்துக்குவாரு.”