முன்வரிசை நாற்காலி

போராட்டப் பந்தலில் முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாகவே கிடந்தது. செத்துப்போன கலியனின் மனைவி தையல்நாயகிக்கு என்று போட்டது.

"அது வராது தலைவரே. ஆளுங்கட்சிக்காரன் அது கையில எதையாவது திணிச்சிருப்பான்" என்றான் கட்சிக்காரன் சேட்டு.

எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஜெயசீலனுக்கும் அப்படித்தான் பட்டது. கலியன் அவருக்குக் கொடி பிடித்தவன். கட்சி என்றால் உயிரை விடுவான். அவன் சாவுக்கு நியாயம் கேட்கப் பெண்டாட்டிக்கு மனசு வரவில்லையே.

உப்பளத்துக்குப் போகும் வாய்க்கால் பாலம் உடைந்து வெகுநாள் ஆயிற்று. கலியனுக்கு நெஞ்சுவலி கண்ட அன்று ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. உப்புச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கரையேறும்போது மூச்சு இல்லை.

பேரூராட்சியில் பட்ஜெட் நிறைவேறவில்லை, அதனால் பாலமும் இல்லை. வெளிநடப்புச் செய்து, கூட்டத்துக்குப் போதிய ஆள் இல்லாமல் கெடுத்தீர்கள் என்றது ஆளுங்கட்சி. எங்களைக் கேட்காமல் போட்ட பட்ஜெட்தானே என்றது ஜெயசீலன் தரப்பு. இரண்டு பக்கத்து பேனரிலும் கலியன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜெயசீலன் பாலத்தருகே வண்டியை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கி அளத்துக்குப் போனார்.

பெண்கள் வரிசையாக நின்று புது உப்புப் பாத்தியின் தரையை மிதித்துச் சமன்செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் தையல்நாயகி. ஒருத்தி கால் நின்றாலும் தரை மேடு பள்ளமாகிவிடும். மிதித்தபடியே பேசினாள்.

"ஆளுங்கட்சி முருகையனும் நேத்து வந்து கூப்ட்டாரு. அங்கியும் போவலண்ணே."

"அப்புறம் இன்னாம்மா பயம்? பேசல்லாம் வாணாம். பாலம் வராததுக்கு யாரு காரணம்னு மைக்ல ஒரு பேரு சொல்லிட்டுப் போ. போதும்."

அவள் கால்கள் சேற்றில் ஏறி இறங்கின.

"பட்ஜெட்டு விழுந்துச்சே, அன்னிக்கு சாயங்காலம் அந்த ஒடஞ்ச பாலத்து மேலயே நின்னு எங்க வூட்டுக்காரரு சரவெடி வெடிச்சாரு. அவனுங்க பேர்ல கல்வெட்டு வராம தடுத்துட்டோம்னு ஊருக்கே மிட்டாய் குடுத்தாரு."

அந்த வெடியை வாங்கி அனுப்பியவர் ஜெயசீலன்தான்.

"கட்டினவரு பேரை இதுவரைக்கும் என் வாயால சொன்னதில்லண்ணே. மொத தடவையா இதுக்கா சொல்லணும்?"