முக்காலி மேல் ஒரு கால்

தண்ணீர் கேன் இரண்டாவது மாடியைத் தாண்டிவிட்டது. படியில் விழும் காலடிச் சத்தத்திலேயே மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுப்படியில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே வாயில் திணித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். ஆமாம், ஓடினாள். நாற்காலியில் விழுந்து, வலது காலைத் தூக்கி முக்காலி மேலிருந்த தலையணையில் வைத்தாள். முகத்திலும் கொஞ்சம் வேதனையைப் பூசிக்கொண்டாள்.

நான்காவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. அண்ணன் தம்பிகளான கணவர்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். வீட்டிலிருக்கும் ஓர்ப்படிகள் இரண்டு பேரில் ஒருத்திக்குக் கால் சரியில்லை என்றால் கேனை யார் தூக்குவது? இன்னொருத்திதான்.

தூக்கட்டும். நன்றாகத் தூக்கட்டும்.

தண்ணீர் மட்டுமா? மளிகை, காய்கறி, மொட்டைமாடிக்கு ஈரத்துணி, எல்லாம் இளையவள் தலையில்தான். அவள் மேலே வந்து செருப்பைக் கழற்றும் வரை மூத்தவள் காத்திருப்பாள். பிறகு, “அடடா, உப்பு சொல்ல மறந்துட்டேனே!” என்பாள்.

இத்தனை வன்மத்துக்கும் காரணம் டிவிக்குப் பக்கத்தில் பளபளத்துக்கொண்டிருக்கிறது. போன வருஷத்து நெடுந்தூர ஓட்டப் போட்டியின் கோப்பை.

இளையவளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததே மூத்தவள்தான். போட்டியன்று முன்னால் போனவளும் அவள்தான். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் பிசகி விழுந்தாள். இடது கணுக்காலில் எலும்பு முறிந்தது. பின்னால் வந்த இளையவளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

இளையவள் அந்தக் கையைத் தாண்டி ஓடினாள்.

பார்க்கவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் வந்து சத்தியம் செய்து அழுதாள். பொய். கண்ணும் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. எலும்பு கூடிவிட்டது. அந்தப் பார்வை மட்டும் மூத்தவளுக்கு ஆறவே இல்லை.

ஓட்டத்தை நிறுத்தலாம், மூச்சு வாங்குகிற வேலையை நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். சும்மா உட்கார்ந்தால் உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிடும். கட்டுப் பிரித்ததும் தண்ணீரில் ஓடலாம், கொஞ்ச நாள் போனால் படி ஏறி இறங்கினாலே போதும்.

படி வேண்டாம். படியில் விறுவிறுவென்று ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். மூத்தவள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள்.

கால் சிகிச்சைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். தெருமுனை வரை நொண்டல். திரும்பியதும் நேரே நீச்சல் குளம். இடுப்பில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் இறங்கி, கால் தரையில் படாமலே ஓடுவாள். கரையில் இருப்பவர்களுக்கு முழுகப் போகிறவள் போலத் தெரியும். அவள் கண்ணுக்கோ ஒரு பின்னங்கழுத்து மட்டும்தான் தெரியும். அதைத் துரத்துவாள்.

இனி ரோட்டிலேயே ஓடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வீட்டில் அவள் நொண்டலை விடவில்லை. இளையவளின் ஓட்டக் காலணிகள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. ஆளில்லாத நேரத்தில் அதை விரலால் தொட்டுப் பார்ப்பாள். தூசி ஏற ஏற அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வேலை வேலை என்று செத்துக்கொண்டிருப்பவளுக்கு ஓட ஏது நேரம்? துருப்பிடித்துப் போகட்டும்.

அடுத்த மாதம் போட்டி. அதே ரோடு, அதே கோடு. தாண்டிப் போகும்போது ஒரே ஒரு தடவை திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அது போதும்.

காலடிச் சத்தம் மூன்றாவது மாடிக்கு வந்தது. கூடவே பேச்சும் கேட்டது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன் அம்மாவிடம் பேசிக்கொண்டே ஏறுகிறாள். பாவம்மா, அவங்களால நடக்கவே முடியல, எல்லாம் நான்தான் பார்த்துக்கறேன்...

மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஏதோ உறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

ஆரம்பத்தில் இளையவள் ஒவ்வொரு மாடியிலும் கேனை இறக்கி வைப்பாள். வாசலுக்கு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நிற்பாள். அந்த மூச்சிரைப்பைக் காது குளிரக் கேட்பதற்காகத்தானே மூத்தவள் இந்த நாற்காலியில் வந்து உட்கார்வது?

கதவு திறந்தது. தோளில் கேனோடு இளையவள் நின்றாள். அப்புறம் பேசறேம்மா என்று போனை அணைத்தாள். குனிந்து, டொக்கென்ற சத்தம்கூட வராமல் கேனை இறக்கினாள்.

மூச்சு வாங்கவில்லை. கொஞ்சம்கூட வாங்கவில்லை.

மூத்தவள் கேனையும் வாசலுக்கு வெளியே படியையும் மாறி மாறிப் பார்த்தாள். படி ஏறினாலே போதும் என்று டாக்டர் சொன்னபோது பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவள் இவள்தானே! அடிப்பாவி!

இளையவள் வந்து முக்காலி அருகே மண்டியிட்டாள். தலையணையிலிருந்த வலது காலை மெதுவாகத் தூக்கித் தரையில் வைத்தாள். இடது காலை எடுத்துத் தலையணை மேல் பதமாக வைத்தாள்.

“இந்தக் கால்தான் அக்கா” என்றாள். “போட்டி முடியற வரைக்கும் மறக்காம நொண்டுங்க.”

எழுந்து வாசலுக்குப் போனவள், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

“உப்பு ஏதாச்சும் மறந்துட்டீங்களா? இன்னொரு தடவை இறங்கி ஏறிட்டு வந்துடறேன்.”