உருட்டாத பகடை

"நான் வெளியே உயிருக்குக் கத்திக்கிட்டு நிக்கிறேன், நீங்க உள்ளே தாழ்ப்பாள் போடறீங்க!"

எதிர்வீட்டு முகுந்தனுக்கு நிச்சயம் செய்திருந்த யாழினியின் குரல் அது. அதற்குப் பிறகும் போகாமல் இருக்க முடியுமா? கேசரிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போய் நின்றேன்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கல்யாண வயதில் நான்கு பேர். ஞாயிறுதோறும் இதே கூத்துதான். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டிப் பிழைக்க வேண்டும். அன்றைக்குக் காட்டு பங்களா, முகமூடி போட்டுக்கொண்டு அரிவாளோடு துரத்தும் கொலைகாரன். கதைப்படி முகுந்தன் பங்களாவுக்குள்ளே, யாழினி கதவுக்கு வெளியே.

"கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்துடலாம்டா. மூணுக்கு மேல எது விழுந்தாலும் ரெண்டு பேரும் தப்பிச்சீங்க" என்று கதைசொல்லி இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். பகடைக்கோ இருபது முகம். முகுந்தன் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வெறும் விளையாட்டும்மா" என்றான்.

"விளையாட்டுக்குக்கூட உருட்டல இல்ல?" என்று நிச்சய மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள் யாழினி.

அவள் ஓசூருக்கு வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். முன்பணம் கட்டிப் பிடித்த மண்டபத்தை விட மனசில்லாமல், அதே முகூர்த்தத்தில் அத்தை மகளைக் கட்டினான் முகுந்தன். நானும் போயிருந்தேன்; சாம்பாரில் உப்பில்லை. குடத்துத் தண்ணீரில் மோதிரம் தேடச் சொன்னபோது பெண் சட்டென்று கையை உள்ளே விட்டுவிட்டாள். மாப்பிள்ளை முதலில் குனிந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.