நீலக் கேனில் ஒரு சிவப்புக் கோடு

"மீனுக்குத் தண்ணி புடிச்சு வச்சிட்டன். சாயங்காலம் வந்து ஊத்திக்குங்க," என்றாள் மாதேஸ்வரி.

நீலக் கேன் விளிம்பு வரை நிறைந்திருந்தது. குருமூர்த்தி ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டார். "ஆர்.ஓ. தண்ணி தான?"

"ஆமாமா! உங்க மகாராஜாவுங்க போர் தண்ணியில குளிப்பாங்களா? ஒரு கேன் ரொம்ப ஒன்றர மணி நேரம். மெஷினு அழுவுது."

தண்ணீர் பாட்டிலை அவர் பையில் திணித்தாள். "இத முழுசா குடிங்க. பாதிய திருப்பிக் கொண்டாராதீங்க. மறுபடி கிட்னில கல்லு வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு நான் அலைய மாட்டன்."

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. மாதேஸ்வரிக்கு நெஞ்சுவலி. சிப்காட்டிலிருந்து அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குருமூர்த்திக்குத் தொழிற்சாலையில் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலை. தண்ணீரில் புளிப்பு ஏறாமல் சுண்ணாம்பைக் கொட்டி, பி.எச். அளவை நாள் முழுக்கப் பிடித்து நிறுத்த வேண்டும். வீட்டு மீன் தொட்டியில் அந்தப் பாடே கிடையாது. ஆறு வருஷமாக 7.4. "நம்ம கைராசி!" என்று மீன் கடை பெரியதம்பியிடம் பெருமையடிப்பார்.

மாதேஸ்வரி போன பிறகு, தண்ணீரில் புளிப்பு ஏறி, அது இறங்கத் தொடங்கியது. 7.1. 6.7. 6.3. கறுப்பு மோலி மீன்கள் நின்ற இடத்திலேயே உடம்பை உதறின. எட்டில் மூன்று செத்துவிட்டன.

மிச்சமிருந்ததில் ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கும். சமையலறையில் பாத்திரம் உருண்டால் போதும், மாதேஸ்வரி தீனி போட வருகிறாள் என்று கண்ணாடி ஓரம் ஓடி வரும். இப்போதும் வருகிறது. அந்த வீட்டில் அவரைத் தவிர அவளை எதிர்பார்க்கிற உயிர் அது ஒன்றுதான்.

"தண்ணிய மாத்தினீங்களாண்ணா?" என்றான் பெரியதம்பி.

"அதே ஆர்.ஓ.தான்ப்பா. இப்ப நானே பக்கத்துல நின்னு புடிக்கறன். ஒரு சொட்டு வேற கலக்கல."

"அப்ப தண்ணி மேல தப்பில்ல. தொட்டிக்கே துக்கம் புடிச்சிருக்குதுண்ணா."

அவன் கொடுத்த சோடா உப்பைப் போட்டார். ஏறியது. அடுத்த முறை தண்ணீர் மாற்றியதும் மறுபடி இறங்கியது.

மூன்றாம் மாசத் திதிக்குப் பெங்களூரிலிருந்து மகள் சத்யப்ரியா வந்தாள். "நீங்க உக்காருங்கப்பா, நான் புடிக்கறன்," என்று கேனை எடுத்துப்போனாள். பாதி நிரம்பியதும் ஆர்.ஓ. குழாயை மூடிவிட்டு, பின்பக்கத்து போர் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"ஏய், என்னம்மா பண்ற? அது உப்புத் தண்ணி! மீனு செத்துடும்!"

"அம்மா எப்பவும் இப்பிடித்தானப்பா புடிக்கும்! இந்தக் கோடு வரைக்கும் ஆர்.ஓ., மேல போர் தண்ணி. உங்களுக்குத் தெரியாதா?"

கேனின் நடுவில் சிவப்பு நெயில் பாலிஷ் கோடு. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

தொழிற்சாலையில் அவர் மூட்டை பிரித்துக் கொட்டும் சுண்ணாம்புச் சத்து, வீட்டு போர் தண்ணீரில் சும்மாவே இருந்தது. ஆர்.ஓ.வில் அது துளியும் இல்லை.

"மீனுக்காகவா இப்பிடிப் பண்ணா?" அவர் அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"மீனுக்கா? நல்லா சொன்னீங்க! கேன் முழுக்க மீனுக்குப் போயிட்டா உங்களுக்குக் குடிக்க ஆர்.ஓ. இருக்காதாம். 'கல்லு வந்தது மீனுக்கா, உங்கப்பனுக்கா? அந்தாள்ட்ட சொல்லிடாத'ன்னு சொல்லும்."

கோடு பார்த்துத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்த நாலாவது வாரம், சமையலறையில் அவர் கைதவறி ஒரு டம்ளர் உருண்டது. வால் கிழிந்த மோலி கண்ணாடி ஓரம் ஓடி வந்தது.

குருமூர்த்தி சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 7.4.