மாடி ஜன்னல் மெக்கானிக்

"லீவர் கையோட வந்துடுச்சும்மா!"

டாக்ஸி டிரைவர் ஸ்டீயரிங்குக்குக் கீழேயிருந்து தலையை நீட்டினான். கையில் பானெட்டைத் திறக்கும் லீவர்; அதன் வாலில் ஒரு முழத்துக்கு அறுந்த கேபிள்.

வாசலில் பையோடு நின்றிருந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல நேரம் பார்த்தே போ! என் மருமகளுக்கு வலி எடுத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. தலைப்பிரசவம் வேற. என் பையன் நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்னுட்டான்."

வந்து நிற்கும்வரை சமர்த்தாக ஓடிய வண்டி அது. அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியைப் பார்க்கலாமென்றால் பானெட் திறக்கவில்லை. வேறு டாக்ஸி வர முக்கால் மணி ஆகுமாம். ஆம்புலன்ஸும் எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பாதி வீடு, மீதிப் பாதியில் கார் பட்டறை ஒன்று இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? இழுத்துப் பூட்டிய ஷட்டரில் 'இரண்டு மாதம் விடுமுறை' என்று அட்டை தொங்கியது. நமக்கு ஒரு நாள் லீவு கிடைக்க மாட்டேன் என்கிறது, இவர்களுக்கு இரண்டு மாதமா என்று அந்த அவசரத்திலும் அவனுக்குப் பொறாமை வந்தது.

"என்ன தம்பி, கேபிள் அறுந்துடுச்சா?"

குரல் மேலேயிருந்து வந்தது. மாடி ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்கக்கா. யாராவது மெக்கானிக் தெரியுமா?"

"நான்தான் மெக்கானிக். பட்டறை என்னுது."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அக்கா, கும்பிடறேன், கொஞ்சம் இறங்கி வாங்க!"

"வண்டி ஸ்டார்ட் ஆகட்டும், இறங்கறேன்."

ஸ்டார்ட் ஆன பிறகு மெக்கானிக் இறங்கி வந்து ஆரத்தியா எடுக்கப் போகிறார் என்று அவன் முணுமுணுத்தான். அம்மாளும் ஜன்னலைப் பார்த்துச் சீறினாள். "நீ உள்ள போ! இந்த நேரத்துல உனக்கு எதுக்கு இந்த வேலை?"

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஆகாது போலிருக்கிறது என்று டிரைவர் நினைத்துக்கொண்டான்.

"கேபிளோட மிச்ச முனை உள்ள தெரியுதா?" என்றாள் மெக்கானிக்.

"இல்லக்கா, உள்ள போயிடுச்சு."

"அப்ப முன்பக்கம் வா. தள்ளி நில்லு!"

துண்டில் சுற்றிய நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று தொப்பென்று விழுந்தது. "போன்ல லைட் போட்டு, முன்னாடி இருக்கற கிரில் வழியா உள்ள பாரு. நட்டநடுவுல, மேல, பூட்டு ஒண்ணு தெரியும். அதுல கேபிள் மாட்டின சின்ன நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும்."

"தெரியுதுக்கா! தெரியுது!"

"அதை ஸ்க்ரூடிரைவரால… ஒரு நிமிஷம்."

அவள் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விட்டாள். அவன் கழுத்து வலிக்க அண்ணாந்து காத்திருந்தான். யோசிக்கிறாள் போலும்.

கண்ணைத் திறந்ததும், "ஏழு நிமிஷம்" என்றாள்.

"செய்யறேன்க்கா, அவசரப்படுத்தாதீங்க!"

"ஸ்க்ரூடிரைவரால அந்த நாக்கை உன் வலது பக்கமாத் தள்ளு. அம்மா பானெட்டை ஒரு அமுக்கு அமுக்கி விடட்டும்."

அம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள். அவன் தள்ளினான். வழுக்கியது. மறுபடி தள்ளினான். கையிடுக்கெல்லாம் வியர்த்தது. கீழ்வீட்டிலிருந்து ஒரு முனகல்கூடக் கேட்காதது அவனை இன்னும் கலவரப்படுத்தியது. உள்ளே அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ?

'டக்!'

பானெட் விரல்கடை உயரத்துக்கு எழும்பியது. "திறந்துடுச்சு! திறந்துடுச்சு!" அவன் குதித்தான். அம்மாளும் வயதை மறந்து கைதட்டினாள்.

"ஆட்டம் அப்புறம் போடலாம். இடுக்குல விரலை விட்டு கொக்கியைத் தள்ளித் தூக்கு. பேட்டரி மேல வயர் மாட்டற ரெண்டு இடத்தையும் ஆட்டிப் பாரு."

"ஒண்ணு லொடலொடன்னு ஆடுதுக்கா!"

"நினைச்சேன். அழுத்தி மாட்டி, இந்த ஸ்பேனரால…" மறுபடி கண் மூடல், மறுபடி அந்த நீண்ட மூச்சு. ஸ்பேனர் மட்டும் தாமதமாக வந்து விழுந்தது. "…இறுக்கு. அஞ்சு நிமிஷம்."

ரேஸ் காருக்கு வேலை பார்ப்பதுபோல் நிமிஷக் கணக்கு சொல்லிக்கொண்டே இருக்கிறாளே என்று அவனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் இறுக்கினான், ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான்.

வண்டி உறுமியது.

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, நீங்க தெய்வம்! நாளைக்கே வண்டியைக் கொண்டாரேன், புதுக் கேபிள் போட்டுக் குடுங்க!"

"நாளைக்கு முடியாது. ரெண்டு மாசம் கழிச்சு வா. பானெட்டை அழுத்தி மூடு" என்றுவிட்டு ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

எவ்வளவு கெட்டிக்காரியோ அவ்வளவு திமிர் என்று எண்ணியபடி பானெட்டைச் சாத்தினான். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, சீக்கிரம் மருமகளைக் கூட்டிட்டு வாங்க!" என்று கத்தினான்.

அம்மாள் கீழ்வீட்டுக்குள் போகவில்லை. மாடிப்படியை நோக்கி ஓடினாள்.

அங்கே ஒரு கையால் சுவரையும் மறுகையால் நிறைமாத வயிற்றையும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த மெக்கானிக், "என்ன தம்பி முழிக்கறே, வலி இப்ப நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது, வண்டியை எடு!" என்றாள்.