சுண்ணாம்புத் தண்ணீர்

"2003 ஓகஸ்ட் 12. நேற்றுக் குப்பிவிளக்கை அணைக்காமல் அறைக் காற்றை அளந்துவிட்டேன். பிழை என்னுடையது."

கொப்பியில் இப்படி எழுதிவிட்டு, அஸ்வர் விளக்கில்லாமல் பகல் வெளிச்சத்திலேயே மறுபடியும் அளந்தான். புத்தளம் அகதி முகாமிலிருந்து முல்லைத்தீவு வீட்டுக்கு அவன் மட்டுமே திரும்பியிருந்தான். உம்மாவும் தங்கச்சிமாரும் வீடு திருத்தி முடிந்தபின் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

குளிர்ந்த தண்ணீரோடு புகையைச் சேர்த்து அமுக்கினால், தண்ணீர் பனிக்கட்டிக் கூடுகளாக உறைந்து, நாங்கள் மூச்சாக விடுகிற கரியமில வாயுவான காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று மாலை வகுப்பில் விமலேஸ்வரி ரீச்சர் படிப்பித்திருந்தார்.

"எங்களிட்டை ஐஸுமில்லை, அமுக்கமுமில்லை. நீங்கள் சுண்ணாம்புத் தண்ணியாலை பிடியுங்கோ," என்றார்.

பூட்டிய சின்ன அறையில் ஒருவர் மூச்சுவிட்டால், தட்டிலுள்ள சுண்ணாம்புத் தண்ணீரில் பாலாடைபோல வெள்ளை ஆடை படிய நாற்பது நிமிடமாகும். இருவரென்றால் இருபது என்பது ரீச்சர் சொன்ன கணக்கு.

அஸ்வருக்கு இருபதே வந்தது.

"வீட்டிலை ஆர் துணை?" என்று அன்று மாலை அவன் கொப்பியைப் பார்த்த ரீச்சர் கேட்டார்.

"ஒருத்தருமில்லை ரீச்சர். தனியத்தான்."

"அப்ப ரெண்டு பேற்றை மூச்சையும் நீரே விட்டனீரோ?"

வகுப்பே சிரித்தது.

அடுத்த மூன்று நாளும் தட்டைக் கழுவி, புதிதாகச் சுண்ணாம்பு கரைத்து, கதவிடுக்கில் துணி அடைத்து அளந்தான். மூன்று நாளும் இருபது. நான்காம் நாள் தட்டின் முன் இருந்தபோது, இன்றைக்கு நாற்பது வந்துவிடுமோ என்றுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இருபதாவது நிமிடம் ஆடை படிந்தது. அவன் கதவைத் திறக்காமல் மேலும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தான்.

பிறகு கொப்பியில் எழுதினான்:

"நாளை: தட்டை உள்ளே வைத்து, கதவைப் பூட்டி, நான் முற்றத்தில் இருக்கவேண்டும்."